அணை மீனுக்கு ஏற்ற ஃபில்லட் கத்தி

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் தூண்டில் போடுகிறவர்கள் இப்போது நன்றாகவே பெருகியிருக்கிறார்கள். கம்பு, ரீல், தங்கூசி, இரை என்று ஒவ்வொன்றையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நண்பர்கள், பிடித்த மீனை அறுக்கும் கத்தி என்று வரும்போது மட்டும் சமையலறையில் கைக்குக் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நல்ல மீனொன்று மொன்னைக் கத்தியால் கிழிபட்டு, சதையில் பாதி முள்ளோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போவது அந்த மீனுக்குச் செய்கிற அவமரியாதை என்றே நான் கருதுகிறேன். மீன்சதையை முள்ளிலிருந்து பலகையாக உரித்தெடுக்கும் ஃபில்லட் கத்தி வாங்க நினைக்கும் நம் பகுதிக்காரர்களுக்காக, எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரங்கள் எஃகின் பெயரை முன்னே நிறுத்துகின்றன. ஆனால் நம் அணைகளிலும் ஆறுகளிலும் கிடைக்கும் மீனுக்குக் கத்தி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை அந்த மீனின் முள்ளமைப்பு, அலகு வளையும் விதம், நனைந்த கையில் பிடி நிற்கும் விதம் ஆகியவைதாம். எஃகு அதற்குப் பிறகு.

நம் வீடுகளில் மீன் அறுப்பது அருவாமனையில். காலால் பலகையை அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து, நட்டுவைத்த அலகின்மேல் தள்ளி அறுக்கிற அந்த முறைக்கு இணையாகக் குழம்புத் துண்டு போட இன்னொரு கருவி கிடையாது. இரண்டு கையும் மீன்மேல் இருப்பதால் வழுக்குகிற மீன்கூட அடங்கி நிற்கும். நடுமுள்ளைக் குறுக்காக வெட்டுவதற்கு வேண்டிய பலமும் உடம்பின் எடையிலிருந்தே கிடைத்துவிடும். குழம்புக்கு முள்ளோடு வெட்டிய துண்டுதான் சுவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஃபில்லட் என்பது வேறு வேலை. அங்கே நடுமுள்ளை வெட்டுவதில்லை; அதன் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை கத்தியை ஓட்டி, சதையை முழுப் பலகையாக உரித்தெடுக்கிறோம். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முள்ளில்லாமல் வறுத்துக்கொடுக்க, கட்லெட் போட, தோசைக்கல்லில் வெண்ணெய் தடவிச் சுட இந்த முறைதான் ஏற்றது. முள்ளின் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே போக வேண்டியிருப்பதால்தான் இந்தக் கத்தியின் அலகு குறுகலாகவும், மெல்லியதாகவும், நுனி சற்று மேல்நோக்கி ஏறியும் இருக்கிறது.

ஆகவே கடைக்குப் போகும் முன் நீங்கள் எந்த மீனை அறுக்கப் போகிறீர்கள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பவானிசாகர், மேட்டூர், ஆழியாறு, அமராவதி என்று எந்த நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொண்டாலும், உரிய அனுமதி பெற்றுத் தூண்டில் போடுகிறவருக்கு அதிகம் மாட்டுவது ஜிலேபி எனப்படும் திலேப்பியாதான். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் இன்று நம் நீர்நிலைகள் எல்லாவற்றிலும் குடியேறிவிட்டது. நம்முடைய சொந்த மீன்களுக்கு அது செய்த கேடு தனியாக எழுத வேண்டிய சங்கதி. ஆனால் ஃபில்லட் எடுப்பதற்கு இதைவிட ஒழுங்கான மீன் கிடைப்பது அரிது, ஏனென்றால் கெண்டை இனங்களில் சதைக்குள் புதைந்திருக்கும் கவட்டை முட்கள் இதில் இல்லை. விரால், வாளை, கெளுத்தி ஆகியவையும் அப்படியே. இவற்றில் நடுமுள்ளையும் விலா முள்ளையும் தாண்டிவிட்டால் மீதமிருப்பது பெரும்பாலும் வெறும் சதைதான்.

ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் வேறு கணக்கு. இவை கெண்டைக் குடும்பம். நடுமுள்ளோடு ஒட்டாமல் சதைநார்களுக்கு நடுவே தனித்தனியாக மிதக்கிற நுண்முட்கள் வரிசை வரிசையாக இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கத்தியை வாங்கினாலும் ஃபில்லட் எடுத்த பிறகு அந்த முட்கள் சதைக்குள்ளேயே இருக்கும். நாலு கிலோவுக்கு மேற்பட்ட பெரிய கட்லாவில் முட்களும் பெரிதாக இருப்பதால் விரலால் தேடி எடுத்துவிடலாம். சிறிய ரோகுவில் அது நடக்கிற காரியம் இல்லை; ஃபில்லட் எடுத்து, தோல் அறுபடாதபடி சதைப்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகக் கீறி, முட்களைத் துணுக்காக்கி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் முறுகப் பொரித்தால் முள் தொண்டையை உறுத்தாது. இந்தக் கீறலுக்கும் கூர்மையான, குறுகிய அலகு வேண்டும். ஆனால் ரோகுவும் கட்லாவும் மட்டுமே உங்களுக்கு மாட்டும் என்றால், ஃபில்லட் கத்திக்குச் செலவிடும் பணத்தை நல்ல அருவாமனைக்குச் செலவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கெண்டைக் குடும்பத்துப் பெரிய ஆற்றுமீனான மாசீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பவானியோடு சேரும் மாயாற்றில் இன்னும் எஞ்சியிருக்கும் திமில் மாசீர், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. காவிரி வடிநிலத்தை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. அந்த மீன் தூண்டிலில் மாட்டினால் கத்தியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. நீருக்குள்ளேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றி அனுப்பிவிட வேண்டும்.

இனி வளைவு. ஃபில்லட் கத்தி வளைய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எதனால் வளைகிறது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. மென்மையான எஃகு வளையும், கடினமான எஃகு வளையாது என்று கடைக்காரர்கள் சிலரே சொல்கிறார்கள். அது சரியல்ல. எந்த எஃகானாலும், தோய்ச்சல் (காய்ச்சிய எஃகைத் தோய்த்துக் கடினமாக்குவது) ஏற்றியதானாலும் ஏற்றாததானாலும், அதன் இயல்பான விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். கத்தி எவ்வளவு எளிதாக வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது அலகின் கனமும் நீளமும். கனம் கூடக் கூட விறைப்பு அதன் மும்மடிக் கணக்கில் ஏறுகிறது: 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள அலகோடு ஒப்பிட்டால், அதே நீளமும் அகலமும் கொண்ட 2 மில்லிமீட்டர் அலகு இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்கும். நீளமும் அப்படித்தான், கனம் மாறாமல் 6 அங்குல அலகை 9 அங்குலமாக்கினால், அதே அழுத்தத்துக்கு நுனி மூன்று மடங்குக்கும் மேல் வளைந்துகொடுக்கும். தோய்ச்சலும் கடினமும் முடிவு செய்வது வேறொன்றை: வளைந்த கத்தி விட்டவுடன் பழைய நேர்கோட்டுக்குத் திரும்புகிறதா, அல்லது வளைந்தபடியே நின்றுவிடுகிறதா என்பதை. மலிவான கத்தியும் நல்ல கத்தியும் கடையில் ஒரே மாதிரி வளையும். இரண்டும் பிரிகிற இடம் திரும்பி வருவதில் இருக்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மரப்பலகையில் கத்தியின் நுனியைச் சாய்வாக ஊன்றி, 6 அங்குல அலகானால் நுனி ஓர் அங்குலம் விலகும் அளவுக்கு மெல்ல அழுத்துங்கள். வளைவு எந்த இடத்தில் விழுகிறது என்று கவனியுங்கள். நல்ல கத்தியில் பிடியிலிருந்து நுனிவரை அலகின் கனம் சீராகக் குறைந்துகொண்டே வருவதால், பிடிப்பக்கம் விறைப்பாக நின்று, நடுவில் தொடங்கி நுனியை நோக்கி வளைவு கூடிக்கொண்டே போகும். ஒரே கனமுள்ள தகட்டிலிருந்து வெட்டியெடுத்த மலிவான கத்தியில் வளைவு பிடிக்கு அருகிலேயே விழும்; அப்படிப்பட்ட கத்தி மீனுக்குள் போனதும் கைக்குக் கட்டுப்படாது, நுனி எங்கே போகிறதென்றே தெரியாது. அழுத்தத்தை விட்ட பிறகு கத்தியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகின்மேல் பிடியிலிருந்து நுனியை நோக்கிப் பாருங்கள். மயிரிழை அளவு பக்கவாட்டில் சாய்ந்திருந்தாலும் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, மேல்நோக்கித் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடியுங்கள். கூர்மையான வாய் ஒளியைத் திருப்பிக் காட்டாது. எங்கேனும் வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே வாய் மழுங்கியோ மடங்கியோ இருக்கிறது என்று பொருள். புதுக் கத்தியில் அது பெரிய குறையல்ல, தீட்டினால் சரியாகிவிடும். அலகு சாய்ந்திருப்பது அப்படித் தீருகிற குறையல்ல.

எவ்வளவு வளைவு வேண்டும் என்பது மறுபடியும் மீனைப் பொறுத்தது. ஜிலேபியின் விலாக்கூடு அதன் உடம்பளவுக்குப் பெரியது, முட்களும் கெட்டி. மிகவும் துவளுகிற கத்தியால் அங்கே அழுத்தினால் அலகு விலா முள்ளின்மேல் ஏறிச் சதையை வெட்டிவிடும். நடுத்தர வளைவுள்ள கத்தியைச் செவுள் மூடிக்குப் பின்னால், பக்கத் துடுப்பை ஒட்டிச் சாய்வாக இறக்கி, நடுமுள்ளைத் தொட்டதும் நிறுத்தி, பிறகு முதுகுத் துடுப்பின் ஓரமாகத் தோலைக் கீறிக்கொண்டு போக வேண்டும். அடுத்த ஓட்டத்தில் அலகை லேசாக முள்பக்கம் சாய்த்து இழுத்தால், சீப்பின் பற்களை நகத்தால் வருடும்போது எழுகிற அதே கரகர ஓசை எழும். அந்த ஓசை தொடர்ந்து கேட்கிறவரை கத்தி சரியான இடத்தில் போகிறது. ஓசை நின்றால் முள்ளை விட்டுச் சதைக்குள் ஏறிவிட்டது என்று அறிந்து அலகை மறுபடி முள்பக்கம் சாய்க்கலாம். மென்மையாகத் தள்ளினாலே விலா முள்ளின் வளைவைப் பின்தொடர்ந்து இறங்குகிற கத்திதான் ஜிலேபிக்கு ஏற்ற கத்தி. ஜிலேபியில் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே ஃபில்லட்டாகக் கிடைக்கும் என்பதால் இங்கே கத்தி ஏறி இறங்கினால் இழப்பு தட்டில் தெரியும். எடுத்த துண்டின் முன்பகுதியில் நடுக்கோட்டை ஒட்டி ஒரு சிறிய முள்வரிசை விரலுக்குத் தட்டுப்படும். நுனியால் இருபுறமும் கீறி அந்தப் பட்டையை எடுத்துவிட்டால் முள்ளே இருக்காது.

தோல் உரிப்பதில்தான் வளைவின் அருமை முழுமையாகத் தெரியும். தோல் கீழே இருக்கும்படி துண்டைப் பலகையில் வைத்து, வால்முனையில் விரல் வைக்கும் அளவுக்குச் சதையை விலக்கி, கல் உப்பைத் தொட்டுக்கொண்டு தோலின் நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அலகைப் பலகையோடு கிடத்தி, லேசாக அழுத்தி வளைத்து, கத்தியை அசைக்காமல் தோலை இடமும் வலமுமாக ஆட்டி இழுத்தால், தோல் காகிதம்போல் உரிந்து வந்துவிடும். விறைப்பான சமையல் கத்தியில் பிடி பலகையில் இடிப்பதால் அலகு சாய்ந்தே நிற்கும். ஒன்று தோல் அறுபடும், இல்லையென்றால் விரல்கனத்துக்குச் சதை தோலோடு போய்விடும். விரால் தோல் தடிப்பானது, அறுபடாமல் வரும். ஆனால் அதன் மேலுள்ள வழுவழுப்பை அடுப்புச் சாம்பல் தேய்த்துக் கழுவியபிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். இது நம் பெரியவர்கள் செய்துவந்த முறை; இதைவிடச் சிறந்த வழி எதுவும் எனக்குத் தெரிந்து வரவில்லை.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரைக் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவரையிலான ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் 6 அங்குலம் போதும். விரால் அடிக்கடி பிடிப்பவர் ஏழு, ஏழரை அங்குலம் வாங்கலாம். மேட்டூர்ப் பக்கம் பெரிய வாளை பிடிக்கிறவர்களுக்கு மட்டும் 9 அங்குலம் பயன்படும். ஒரே கத்திதான் வாங்க முடியும் என்றால் 6 அங்குலத்தை வாங்குங்கள். சிறிய கத்தியால் பெரிய மீனை இரண்டு இழுப்பில் சமாளித்துவிடலாம், பெரிய கத்தியின் நுனியைச் சிறிய மீனுக்குள் கட்டுப்படுத்துவது கடினம்.

எஃகுக்கு வருவோம். இது எஃகைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தகுதியுள்ள மண். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. இன்றைக்கும் நம் ஊர்க் கொல்லுப்பட்டறைகளில் லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொடுவாளும் அருவாளும் செய்கிறார்கள். ஃபில்லட் கத்தி அடித்துத் தர முடியுமா என்று பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அடிச்சுப்போடலாஞ் சாமி. ஆனா இத்தனை மெலிசுல தோச்சல் போட்டா தண்ணிக்குள்ளயே திருகிக்கும். கெட்டியா வெச்சா ஒடியும், எளக்குனா மடங்கும். அருவா அடிக்கிற கையில இது சிரமமுங்க" என்றார். கத்தியின் அறிவியல் முழுவதும் அந்தப் பேச்சில் இருக்கிறது. மெல்லிய அலகைச் சீராகக் காய்ச்சி, கோணாமல் குளிரவைத்து, பிறகு சரியான சூட்டில் இளக்கி எடுப்பது வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் உலைகளுக்கு எளிது, கரி அடுப்புக்குக் கடினம். அதனால் ஃபில்லட் கத்தியை மட்டும் ஆலைத் தயாரிப்பாக வாங்குவது நல்லது என்று நான் நினைக்கிறேன். மற்ற வெட்டுக்கருவிகளுக்குப் பட்டறையை விட்டுவிடாதீர்கள்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயருக்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். மீன் கத்திகளில் அதிகம் காணப்படும் 1.4116 என்ற ஜெர்மன் எண் கொண்ட எஃகில் குரோமியம் ஏறத்தாழ 15 சதவீதமும் கரிமம் அரை சதவீதமும் இருக்கும். 420, 440 வகைகளும் சுவீடனின் 12சி27 எஃகும் இதே வரிசையில் வருபவை. 440சி வகையில் கரிமம் ஒரு சதவீதத்தை ஒட்டியிருப்பதால் கூர் நெடுநேரம் நிற்கும், தீட்டுவதற்கு அதிக நேரமும் பிடிக்கும். இவற்றில் எது உயர்ந்தது என்று இணையத்தில் நடக்கும் சண்டைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஃபில்லட் கத்தியின் வாய் முள்ளில் உரசிக்கொண்டே போகிறது. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 54-இலிருந்து 58-க்குள் இருக்கும் எஃகு அந்த உரசலில் உடையாமல் லேசாக மடங்கும், தீட்டுக்கம்பியில் இரண்டு முறை இழுத்தால் நிமிர்ந்துவிடும். அறுபதைத் தாண்டிய ஜப்பானியக் கத்திகள் கடல்மீனைப் பச்சையாகச் சீவுவதற்கு அற்புதமானவை. ஆனால் ஜிலேபியின் விலா முள்ளில் பக்கவாட்டில் திருகினால் அவற்றின் வாயில் பொக்கை விழுந்துவிடும்.

கரிம எஃகுக் கத்தி நன்றாகத் தீட்டப்பட்டால் கூர்மை பிரமாதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் மீனைக் கல் உப்பும் மஞ்சளும் புளியும் போட்டு அலசுகிறோம். பல்லடம், காங்கேயம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணி. இந்தச் சூழலில் கரிம எஃகை ஈரத்தோடு அரைமணி நேரம் விட்டாலே துருக்கறை ஏறிவிடும். துருப்பிடிக்காத எஃகும் உப்புக்கு முற்றிலும் அசைந்துகொடுக்காதது அல்ல. உப்பில் உள்ள குளோரைடு அதன் மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கும், அவை வாயில் விழுந்தால் கூர் அங்கங்கே விட்டுப்போகும். எந்தக் கத்தியானாலும் வேலை முடிந்தவுடன் குடிதண்ணீரில் கழுவித் துடைத்து வைப்பது அவசியம்.

பிடியைப் பலரும் அழகுக்காகப் பார்க்கிறார்கள். என் பார்வையில் எஃகைவிட இது முக்கியம், ஏனென்றால் கை வழுக்கி அலகின்மேல் ஏறினால் காயம் படும். மீன் வழுவழுப்பும் கொழுப்பும் படிந்த கைக்கு, பளபளவென்று மெருகேற்றிய மரப்பிடியோ வழுவழுப்பான பிளாஸ்டிக்கோ ஆபத்தானது. சொரசொரப்பான பாலிபுரோப்பிலீன் அல்லது ரப்பர் கலந்த பிடி, ஆட்காட்டி விரல் அலகுக்குப் போகாமல் தடுக்கும் மேடு, உள்ளங்கை நிறையும் பருமன் ஆகியவற்றைப் பாருங்கள். கடையில் ஒரு சொட்டு சோப்புநீரைக் கையில் தேய்த்துக்கொண்டு பிடித்துப் பார்ப்பதற்குத் தயங்க வேண்டாம். அலகின் வால்பகுதி பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்றும் கேளுங்கள்; கடைசிவரை போகாவிட்டாலும் பாதிக்கு மேலாவது போயிருக்க வேண்டும். பிடியும் அலகும் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தால் மீன் இரத்தம் அங்கே தங்கி நாறும், உள்ளே துருவும் பிடிக்கும்.

நிறுவனங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பின்லாந்தின் ராப்பாலா நிறுவனத்துக்காக அதே நாட்டின் மார்ட்டினி கத்தி ஆலை 1967 முதல் செய்துவரும், பிர்ச் மரப்பிடியும் தோலுறையும் கொண்ட ஃபில்லட் கத்தி உலகெங்கும் தூண்டில்காரர்கள் அறிந்தது. மெலிவும் வளைவும் அதில் மிக அழகாக அமைந்திருக்கும். 4 அங்குலத்திலிருந்து 9 அங்குலம்வரை கிடைக்கிறது. ஆனால் பிடியில் மரமும் உறையில் தோலும் இருப்பதால் பராமரிப்பில் சோம்பல் கூடாது. 1884-இல் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், ஃபைப்ராக்ஸ் என்ற பெயரில் சொரசொரப்பான பிடி போட்ட கத்திகளைத் தருகிறது. நம் ஊர்ச் சமையலறைப் பயன்பாட்டுக்கும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அமெரிக்காவின் டெக்ஸ்டர் ரசல் வெள்ளைப் பிடிக் கத்திகள் மீன் வெட்டும் தொழிற்கூடங்களுக்காகச் செய்யப்பட்டவை, அழகு குறைவு, உழைப்பு அதிகம். சுவீடனின் மோராவும் நம்பத்தக்கது. இணையத்தில் வாங்கும்போது இந்தப் பெயர்களுக்குப் போலிகள் வருகின்றன என்பதால் விற்பவர் யார் என்று பார்த்து வாங்குங்கள். அலையலையாகக் கோடு அச்சடித்த, டமாஸ்கஸ் (எஃகை அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்தது) என்று சொல்லி விற்கிற மலிவுக் கத்திகளை ஒதுக்கிவிடுங்கள்; அந்தக் கோடுகள் பெரும்பாலும் மேற்பூச்சு.

எவ்வளவு நல்ல கத்தியானாலும் சாணை பிடிக்கத் தெரியாவிட்டால் சில மாதங்களில் அது மொன்னையாகிவிடும். தெருவில் சைக்கிளில் சக்கரம் வைத்துச் சாணை பிடிக்க வருகிறவர்கள் அருவாமனைக்கும் கத்தரிக்கோலுக்கும் திறமையாக வேலை செய்கிறார்கள். ஃபில்லட் கத்தியை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். உலர்ந்த சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறி, நீலம் பாய்ந்து, தோய்ச்சல் இளகிவிடும். அந்த இடத்தில் இனி எத்தனை முறை தீட்டினாலும் கூர் தங்காது. ஒருபக்கம் 1000, மறுபக்கம் 3000 என்ற எண்ணுள்ள (எண் கூடினால் கல் நைசு) தண்ணீர்க்கல், அதாவது நனைத்துத் தீட்டும் கல், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15 பாகை போதும். அளவு தெரியாதவர்கள் இப்படிக் கணக்கிடலாம்: அலகின் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால், வாய் கல்லில் படிந்திருக்க, முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். வளைகிற அலகைக் கல்லில் அழுத்தினால் அது வளைந்து கோணம் மாறிவிடும் என்பதால், இடது கை விரல்நுனிகளை வாய்க்கு மிக அருகில் வைத்து, விரல்களின் எடை மட்டும் படும்படி, பகுதி பகுதியாகத் தீட்ட வேண்டும். மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு விரலில் தட்டுப்பட்டதும் கத்தியைத் திருப்புங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போக, வாய் பின்னால் வரும்படி சில முறை இழுத்துப் பிசிறை நீக்கினால், செய்தித்தாளை அந்தரத்தில் பிடித்து ஓசையின்றி அறுக்கும் கூர் வந்துவிடும்.

கத்தியோடு சேர்த்து வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மீனைப் பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை. இழுத்து அறுக்கிற வெட்டை அது தாங்கும், நுனியால் குத்தினால் தாங்காது. கெளுத்தியின் பக்கமுள்ளும் முதுகுமுள்ளும் அதைத் துளைத்துவிடும் என்பதால் கெளுத்தியில் முதல் வேலையாக அந்த மூன்று முட்களையும் குறடால் நறுக்கிவிடுங்கள். மற்றொன்று உறை. தோலுறை ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அணைக்கரையில் அறுத்த கத்தியை அப்படியே தோலுறையில் செருகிக்கொண்டு ஊர்திரும்பினால், மறுநாள் காலையில் வாய் முழுவதும் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அடியில் நீர் வடிய ஓட்டையுள்ள பிளாஸ்டிக் உறையே நம் பயன்பாட்டுக்குத் தகுந்தது. அதிலும் கத்தியைத் துடைக்காமல் போடக் கூடாது. கரையில் தண்ணீர் வசதி இல்லாவிட்டால், குடிக்கக் கொண்டுபோன பாட்டில் தண்ணீரில் அலகைக் கழுவித் துண்டால் துடைத்து, வீட்டுக்கு வந்ததும் உறையையும் தனியாகக் கழுவிக் கவிழ்த்துவைத்து, கத்தியைக் காற்றில் உலரவிட்டுப் பிறகு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைத்துவிடுங்கள்.